ஒரு மோதலில் 2 மியூவான், அடுத்ததில் 5: செர்ன் டேட்டாவை டேபிளில் அடக்குவது எப்படி?

எக்செல் ஷீட்டில் ஒவ்வொரு வரிசைக்கும் இத்தனை கட்டம் என்று கணக்கு சரியாக இருந்தால் தொல்லையே இல்லை. ஒரு வரிசைக்கு 2 மதிப்பு, அடுத்ததுக்கு 5, அதற்கடுத்து ஒன்றுமே இல்லை என்றால்?

ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் எல்.எச்.சி. துகள் மோதுவியில் எப்போதும் இதே கதைதான். 25 நானோ விநாடிக்கு ஒருமுறை புரோட்டான் கொத்துகள் ஒன்றையொன்று கடக்கின்றன. ஒரு மோதலில் எத்தனை துகள் வெளிவரும் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது.

காலிக் கட்டத்தில் பூஜ்ஜியம் போடலாமே?

போடலாம். ஆனால் இடம் வீணாகும். 10 கட்டம் ஒதுக்கினால் 11-வது துகள் வெளியே நிற்கும்.

அப்போ என்ன வழி?

எல்லா மதிப்புகளையும் இடைவெளி இல்லாமல் ஒரே பட்டியலில் அடுக்குகிறார்கள். எண்ணிக்கை தனியாக இருக்கும். மூன்று மோதல்களில் 2, 0, 3 மியூவான் என்றால், கூட்டிக்கொண்டே போனால் 0, 2, 2, 5. மூன்றாவது மோதலின் மியூவான்கள் 2-ம் இடத்தில் தொடங்கி 5-க்கு முன்பே முடிந்துவிடும். இந்த எண்களுக்குப் பெயர் ஆஃப்செட். பைத்தானில் 'ஆக்வர்ட் அரே' நூலகம் இப்படித்தான் வேலை செய்கிறது.

சிக்கல் எங்கே?

டேபிள்களை இணைக்கும்போதுதான். செர்னின் சி.எம்.எஸ். குழு வெளியிடும் நானோஏ.ஓ.டி. கோப்புகளில், மியூவான் பட்டியல் தனி. 'ஜெட்' எனப்படும் துகள் கற்றைகளின் பட்டியல் தனி. எந்த மியூவான் எந்த ஜெட்டைச் சேர்ந்தது என்பதை ஓர் எண் சொல்லும். ஜெட் எதுவும் பொருந்தாவிட்டால் -1.

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். பைத்தானில் -1 என்றால் 'கடைசி உறுப்பு' என்று அர்த்தம்! ஜெட்டே பொருந்தாத மியூவான், சத்தமில்லாமல் அந்த மோதலின் கடைசி ஜெட்டோடு ஒட்டிக்கொள்ளும். எரர் வராது. ஆனால் தனித்து வந்த மியூவானா, ஜெட்டுக்குள் இருந்து வந்ததா என்பதை வைத்துத்தான் ஹிக்ஸ் போசான் போன்ற அரிய நிகழ்வுகளைப் பிரித்தெடுக்கிறார்கள். அங்கே குழம்பினால் முடிவே மாறிவிடும்.

இன்னொரு பொறி: ஆற்றல் குறைந்த ஜெட்டுகளை முதலிலேயே நீக்கினால், மீதமுள்ளவற்றின் வரிசை எண் மாறிவிடும். பழைய எண் வேறு ஜெட்டைக் காட்டும்.

எப்படித் தப்பிப்பது?

முதலில் -1 உள்ளவற்றை ஒதுக்குங்கள். அடுத்து இணையுங்கள். வடிகட்டுவது கடைசியில்தான்.

ஆபீஸ் டேட்டாவுக்கும் இதே விதிதான்.