பத்தொன்பது மாதத்தில் நோயுற்ற இதயம்

ஆடி அமாவாசை அன்று மட்டக்களப்பு அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயிலின் தீர்த்தக் குளத்தடியில் கூடுகிறவர்களில் பெரும்பாலானோர் தகப்பனை இழந்தவர்கள். பிதிர்க்கடன் முடிக்க வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் நாற்பதைத் தொடாத முகங்களும் நிறைய இருக்கும். அவர்களில் ஒருவர் இதயநோய் வைத்தியர் முன்னால் போய் இருந்தால், முதல் ஐந்து கேள்விகளுக்குள் இது வந்துவிடும்: "அப்பா எத்தனை வயதில போனவர்? என்ன வருத்தம்?"

அது அனுதாபத்துக்காகக் கேட்கும் கேள்வி அல்ல. தகப்பனோ கூடப்பிறந்த ஆணோ 55 வயதுக்கு முன், அல்லது தாயோ கூடப்பிறந்த பெண்ணோ 65 வயதுக்கு முன் மாரடைப்புக்கு ஆளாகியிருந்தால், எதிரே இருப்பவருக்கும் ஆபத்துக் கூடுதல் என்று வைத்தியம் கணக்கிடுகிறது. நம் பக்கத்தில் இந்தக் கேள்விக்கு இன்னும் கனம் அதிகம். கேரளத்தின் கொட்டாரக்கரையில் பிறந்து, கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வு 2004இல் வெளியானது. இலங்கையும் அதில் பங்கெடுத்தது. தெற்காசியத் தரவுகளை மட்டும் பிரித்தெடுத்து 2007இல் வெளியிட்டபோது, நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்று தெரிந்தது. மற்ற நாட்டவர்களுக்கு அது 59ஐ ஒட்டியிருந்தது. காரணங்கள் எல்லா இடத்திலும் ஒன்றுதான்: புகை, கொழுப்பு, குருதியமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன், மன அழுத்தம், மரக்கறியும் பழமும் குறைவது, உடல் அசையாமல் இருப்பது. நமக்கு அவை ஐந்தாறு வருடம் முன்கூட்டியே வந்து சேர்கின்றன.

மாரடைப்பு வரும் வயது 53 என்றால், நோய் தொடங்கும் வயது எது? உயிரோடு இருக்கும் மனிதரிடம் இதற்கு விடை தேடுவது நெடுங்காலம் முடியாத காரியமாக இருந்தது. நோவில்லாத இருபது வயதுக்காரரின் இதயத்துக்குள் குழாய் செலுத்திப் பார்க்க எந்த வைத்தியருக்கும் நியாயம் இல்லை. விடை வந்த வழி எதிர்பாராதது. இதயமாற்றுச் சத்திரசிகிச்சையில்தான் அது கிடைத்தது.

கிறிஸ்டியான் பர்னார்ட் 1967 டிசம்பர் 3ஆம் திகதி கேப்டவுனில் முதல் இதயமாற்றைச் செய்தார் என்பது பலருக்கும் தெரியும். அந்த நோயாளி 18 நாள் வாழ்ந்தார். இரண்டாவது நோயாளியைத்தான் நாம் அதிகம் நினைத்திருக்க வேண்டும். பிலிப் பிளைபெர்க் என்ற பல்வைத்தியர் அவர். 1968 ஜனவரி 2ஆம் திகதி அவருக்குப் பொருத்தப்பட்டது, கிளைவ் ஹோப்ட் என்ற 24 வயது இளைஞரின் இதயம். நிறவெறி ஆட்சி நடந்த தென்னாபிரிக்காவில் வெள்ளையர் ஒருவரின் நெஞ்சுக்குள் வெள்ளையரல்லாத ஒருவரின் இதயம் துடித்தது என்பது அன்றைக்குப் பெரும் செய்தி. பிளைபெர்க் வீடு திரும்பினார், கார் ஓட்டினார், கடலில் குளித்தார். பத்தொன்பது மாதம் கழித்து இறந்தார்.

பிரேதப் பரிசோதனையில் அந்த இளம் இதயத்தின் முடியுரு நாடிகள், அதாவது இதயத்தசைக்கே குருதி கொண்டுவரும் நாடிகள், தடித்துக் கொழுப்பேறிக் குறுகிக் கிடந்தன. அறுபதைத் தாண்டிய ஒருவரிடம் காணக்கூடிய நோய், கொடுத்தவரின் வயதோ இருபத்துநான்கு. பல பதிற்றாண்டுகளில் நடப்பது எப்படிப் பத்தொன்பது மாதத்துக்குள் நடந்தது? என் கணிப்பில், இருபதாம் நூற்றாண்டு இதயவியலின் மிகப் பயனுள்ள கேள்விகளில் ஒன்று அந்தப் பிரேத அறையில்தான் பிறந்தது.

பதில் மெல்ல மெல்லத்தான் வந்தது. அந்நிய இதயத்தை உடலின் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் தாக்குகிறது. அந்தத் தாக்குதல் முதலில் விழுவது நாடியின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும், ஒரே ஒரு கலம் தடிப்பான அகவணியின் மேல். அது காயப்பட்டதும் அடியிலுள்ள தசைக்கலங்கள் பெருகுகின்றன, சுவர் தடிக்கிறது. சாதாரண மாரடைப்பு நோயில் கொழுப்பு அங்கங்கே திட்டுத்திட்டாகப் படியும். மாற்றிய இதயத்திலோ நாடியின் முழு நீளத்துக்கும், நுண்கிளைகள் வரைக்கும், சுற்றிவர ஒரே சீராகத் தடிப்பு ஏறும். அதனால் இங்கே ஸ்டென்ட் வைத்தும் பைபாஸ் செய்தும் கிடைக்கும் பலன் குறைவு.

இன்னொரு சங்கடம், நோ தெரியாமை. ஒரு இதயத்தை வெட்டியெடுக்கும்போது அதன் நரம்புகளும் அறுபடுகின்றன. குருதிக்குழாய்களைத் தைக்கலாம், நரம்புகளைத் தைப்பதில்லை. வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேகசு நரம்பின் பிடி போய்விடுவதால் மாற்றிய இதயம் ஓய்விலும் நிமிடத்துக்குத் தொண்ணூறு, நூறு தடவை துடிக்கும். படியேறத் தொடங்கியதும் உடனே வேகம் எடுக்காது. குருதியில் அட்ரினலின் வந்து சேர்ந்த பிறகே எடுக்கும். குருதி போதாமல் தசை தவித்தாலும் நெஞ்சு நோகாது. எச்சரிக்கை மணியே இல்லாமல் நேரே மூச்சுத் திணறலோ திடீர் மரணமோ வரக்கூடும். சில வருடங்களில் சிலருக்கு நரம்புகள் ஓரளவு திரும்ப வளர்கின்றன. ஆனால் அதை நம்பியிருக்க முடியாது. ஆகவேதான் உலகெங்கும் மாற்று இதயம் பெற்றவர்களுக்கு, நோவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், குறித்த இடைவெளியில் நாடிகளைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் செய்யும் வழக்கம் வந்தது.

ஆய்வாளர்களுக்கு வாசல் திறந்தது இங்கேதான். நோவில்லாதவர்களின் முடியுரு நாடிகளை முதல் மாதத்திலிருந்தே, வருடம் தவறாமல், அவர்களுடைய நன்மைக்காகவே பார்க்கும் வாய்ப்பு வேறு எங்கும் கிடைக்காது. முடியுரு நாடி நோயை ஆராய்ந்தவர்கள் இதயமாற்றின் பக்கமும் திரும்பியதற்கு இதுவே காரணம்.

பொஸ்டனில் பீற்றர் கான்ஸும் அண்ட்ரூ செல்வினும் இருந்த குழு 1986இல் காட்டியதைச் சொல்லவேண்டும். அசிட்டைல்கோலின் என்ற பொருளை நாடிக்குள் சிறிதளவு செலுத்தினால் நலமான முடியுரு நாடி விரியும். நோயுற்ற நாடியோ சுருங்கும். அகவணி நலமாக இருந்தால்தான் நாடி விரியும் என்பதை ரொபர்ட் பேர்ச்கொட் 1980இல் முயல் நாடியில் கண்டிருந்தார். பின்னாளில் அதற்கு நோபல் பரிசும் வந்தது. பொஸ்டன் குழு அதே சோதனையை மாற்று இதயம் பெற்றவர்களிடம் செய்து 1988இல் வெளியிட்டது. அஞ்சியோகிராமில் வழவழவென்று தெரிந்த நாடிகளிலேயே பல சுருங்கின. படத்தில் நோய் தெரிவதற்கு முன்பே நாடி நடத்தை மாறிவிடுகிறது என்று பொருள்.

அடுத்த அடி 1990களில் வந்தது. அஞ்சியோகிராமில் தெரிவது குருதி ஓடும் வழி மட்டும், சுவர் தெரியாது. வாவியின் நீர்ப்பரப்பைப் பார்த்து அடியில் எவ்வளவு சேறு கிடக்கிறது என்று சொல்ல முடியாததைப் போன்றதுதான் அது. நாடிக்குள்ளேயே நுண்ணிய ஒலியலைக் கருவியை நுழைத்துச் சுவரின் தடிப்பை அளக்கும் முறை வந்தபின் அந்தக் குறை தீர்ந்தது. துருக்கியில் பிறந்து அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக்கில் பணியாற்றிய முராட் துஸ்ஜுவும் அவருடைய சகாக்களும் இதை வைத்து எளிமையான, அழகான ஓர் ஆய்வைச் செய்தார்கள். மாற்றிய சில வாரங்களுக்குள், எதிர்ப்புச் சக்தி சேதம் செய்வதற்கு முன்பாகவே, 262 பேரின் புது இதயங்களைப் பார்த்தார்கள். அப்போது தெரியும் நோய் வாங்கியவருடையது அல்ல, கொடுத்தவருடையது. விபத்திலோ மூளைக் குருதிப்பெருக்கிலோ இறந்த, இதயநோய் இருப்பதாகவே அறிந்திராத மனிதர்களுடையது.

2001இல் வெளியான முடிவு இது: இருபது வயதுக்குக் குறைந்தவர்களில் நூற்றுக்கு 17 பேரின் நாடிச்சுவரில் கொழுப்புத் தடிப்பு இருந்தது. இருபதுகளில் 37. முப்பதுகளில் 60. ஐம்பதைத் தாண்டியவர்களில் 85. கொரியப் போரில் இறந்த இளம் அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை வெட்டிப் பார்த்து 1953இலேயே இப்படி எச்சரித்தவர்கள் உண்டு. ஆனால் இங்கே தெரிந்தது, துடித்துக்கொண்டிருக்கும் இதயங்களில். 53 வயதில் வரும் மாரடைப்பு ஐம்பதில் தொடங்குவதில்லை. பலருக்கு அது உயர்தரப் பரீட்சை எழுதும் வயதிலேயே தொடங்கிவிடுகிறது.

சிகிச்சையிலும் கொடுக்கல் வாங்கல் நடந்தது. லொஸ் ஏஞ்சலஸில் ஜோன் கொபஷிகாவா 97 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மாற்றுச் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு பிரவஸ்டட்டின் என்ற கொலஸ்திரோல் மருந்தைக் கொடுத்தார். 1995இல் முடிவு வந்தது. ஒரு வருட முடிவில் மருந்து பெற்ற பிரிவில் நூற்றுக்கு 94 பேர் உயிரோடு இருந்தார்கள், மற்றப் பிரிவில் 78 பேர். நாடித் தடிப்பும் குறைந்திருந்தது. கொலஸ்திரோல் குறைந்ததை மட்டும் கொண்டு இதை விளக்க முடியவில்லை; எதிர்ப்புச் சக்தியின் சீற்றத்தையும் அந்த மருந்து தணிக்கிறது என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. இன்றும் மாற்று இதயம் பெற்று ஐந்து வருடம் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழ மூன்றிலொருவருக்கும், பத்து வருடம் வாழ்ந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கும் இந்த நாடித் தடிப்பு இருக்கிறது. போர் முடியவில்லை.

நம் அயலில் இதயமாற்று நெடுநாள் தள்ளாடியது. பம்பாய் கே.ஈ.எம். மருத்துவமனையில் பி. கே. சென் 1968 பெப்ரவரியிலேயே செய்தார். நோயாளி சில மணி நேரத்தில் இறந்தார். உடலுறுப்புச் சட்டம் வந்த 1994இல், டெல்லியில் வேணுகோபால் செய்ததே இந்தியாவின் முதல் வெற்றி. பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975இல் இந்தியாவின் முதல் பைபாஸ் செய்த கே. எம். செரியன், 2008இல் ஹிதேந்திரன் என்ற பள்ளி மாணவனின் இதயத்தை ஒன்பது வயதுச் சிறுமிக்குப் பொருத்தினார். சென்னை நகரின் நெரிசலைப் பொலிஸார் ஒதுக்கிக் கொடுக்க, அந்த இதயம் தேனாம்பேட்டையிலிருந்து முகப்பேருக்குப் பதினொரு நிமிடத்தில் போனது. மருத்துவர்களான பெற்றோர் எடுத்த அந்த முடிவுக்குப் பிறகுதான் தமிழகத்தில் உறுப்புக்கொடை மக்கள் பேச்சாயிற்று.

இலங்கையில் உறுப்புமாற்றுச் சட்டம் 1987இலேயே வந்துவிட்டது. முதல் இதயமாற்று நடக்க 2017 ஜூலை வரை, முப்பது வருடம் பொறுக்க வேண்டியிருந்தது. கண்டிப் போதனா வைத்தியசாலை அதைச் செய்தது. அது நம் அரச வைத்தியசாலை ஒன்றின் சாதனை என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு. ஆனால் வெட்டியெடுத்த இதயம் பனிக்குளிரில் தாங்குவது ஏறத்தாழ நான்கு மணி நேரம். மட்டக்களப்பிலிருந்து மகியங்கனை வழியாக மலையேறிக் கண்டிக்குப் போக ஒரு வாகனத்துக்கு அந்த நேரம் முழுவதும் வேண்டும். எடுப்பதற்கும் தைப்பதற்கும் மிச்சம் எதுவும் இராது. வான்வழி இல்லாமல் கிழக்கிலிருந்து ஒரு இதயம் போய்ச்சேர வழியில்லை.

ஆகவே அமிர்தகழிக்காரருக்கு இந்த ஆய்வுகள் உடனே தரும் பயன் புது இதயம் அல்ல, கையிலிருக்கும் இதயத்தின் வயதை முன்கூட்டி அறிவது. அரச வைத்தியசாலைகளிலும் சுகாதார அலுவலகங்களிலும் குருதியமுக்கம், சீனி, கொலஸ்திரோல், இடுப்புச் சுற்றளவு எல்லாம் இலவசமாகப் பார்க்கும் நிலையங்கள் நடக்கின்றன. அவை முதன்மையாக 35 வயதைத் தாண்டியவர்களுக்காக அமைந்தவை. தகப்பனை ஐம்பதுக்குள் மாரடைப்புக்குப் பறிகொடுத்த மகனுக்கும் மகளுக்கும் அந்த வயது எல்லை பொருந்தாது என்பதைக் கிளீவ்லண்டின் 262 இதயங்கள் காட்டிவிட்டன. இருபது வயதிலிருந்தே நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை கொலஸ்திரோல் பார்க்கச் சொல்கின்றன அமெரிக்க வழிகாட்டல்கள். அப்படிப்பட்ட வீடுகளின் பிள்ளைகளுக்காவது நம் நிலையங்களின் கதவு இருபதிலேயே திறக்கவேண்டும். அதுவரைக்கும், அப்பா போன வயதை வைத்தியரிடம் சொல்லிப் பரிசோதனையை நாமே கேட்டு வாங்க வேண்டியதுதான்.