அழித்தும் அழியாத கணினி

இங்கிலாந்தின் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள தேசியக் கணினி அரும்பொருளகத்தில் ‘கொலோசஸ்’ இயங்குவதை இன்றும் பார்க்கலாம். ஆனால், அது அசல் இயந்திரம் அன்று.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ராணுவத் தலைமையின் ரகசியத் தகவல்களை அறிய உதவிய மின்னணுக் கணினி அது. அஞ்சல் துறைப் பொறியாளர் டாமி ஃபிளவர்ஸ் வடிவமைத்த அக்கணினி 1944ல் பணியைத் தொடங்கியது. போர் முடிந்ததும் பெரும்பாலான கொலோசஸ் இயந்திரங்கள் பிரித்துப் போடப்பட்டன. மேலிட உத்தரவால் ஃபிளவர்ஸே ஆவணங்களை எரித்தார். தாம் செய்ததைப் பல ஆண்டுகள் அவரால் வெளியே சொல்லவும் முடியவில்லை.

1993ல் டோனி சேல் குழுவினர் அதை மீண்டும் உருவாக்கத் தொடங்கியபோது கிடைத்தவை சில புகைப்படங்களும், பொறியாளர்கள் சிலர் விதியை மீறி வைத்திருந்த மின்சுற்று வரைபடத் துண்டுகளும்தான். 2007ல் பணி நிறைவேறியது.

திட்டப்பணி முடிந்ததும் கோப்புகளை அழித்துவிடுவது நம்மில் பலரின் பழக்கம். அந்தத் துண்டுத் தாள்களையும் யாரும் எடுத்துவைக்காமல் இருந்திருந்தால், கொலோசஸ் இன்று வெறும் பெயர்தான்.