செம்பட்டு கறுத்த காலம்

மௌனப் படத்தில் கன்னங்கரிய பட்டங்கி உடுத்தி நம்முன் தோன்றும் நாயகி, படப்பிடிப்பு நடந்த அன்று செக்கச்செவேலென்ற அங்கியில் நின்றிருக்கக்கூடும் என்றால் நம்புவது அரிதே; ஆயினும், அந்நாளைய ஹாலிவுட் தையற்கலைஞர் முதலில் கற்கவேண்டியிருந்த தொழில் சூட்சுமம் அதுதான்.

அக்காலத்துப் படச்சுருள் நீலத்தையும் பச்சையையும் உணர்ந்ததேயன்றிச் சிவப்பை உணரவில்லை. ஆதலால் சிவப்பு கறுப்பாகவும், இளநீலம் வெண்மையாகவும் பதிந்தன. தூய வெள்ளையோ விளக்கொளியில் கண் கூசப் பளீரிட்டு, மடிப்பையும் பூவேலையையும் விழுங்கிவிட்டது. ஒளிப்பதிவாளர் நீலக் கண்ணாடித் துண்டின் வழியே காட்சியை நோக்கிச் சோதிப்பார். தையற்காரியோ, வெள்ளைத் துணியை இலேசான சாயத்தில் தோய்த்து மங்கவைத்து, நிறத்தை மறந்து ஒளியையும் நிழலையும் மட்டுமே எண்ணி ஊசி பிடிப்பாள்.

தொடக்கத்தில், சமகாலக் கதைகளில் நடித்த நடிகையர் பெரும்பாலும் தத்தம் சொந்த உடைகளையே கொண்டுவந்தனர். 1916-இல் இயக்குநர் கிரிஃபித் எடுத்த 'இன்டாலரன்ஸ்' என்னும் படத்தில், பண்டைய பாபிலோனையே எழுப்பிக்காட்ட வேண்டியிருந்தமையால், கூட்டத்தில் ஒருவராக நின்றவருக்குங்கூட உடை திட்டமிட்டுத் தைக்கப்பட்டது. அப்பணியில் ஈடுபட்ட கிளேர் வெஸ்ட் என்னும் பெண்மணி, பின்னர் இயக்குநர் செசில் பி. டெமிலின் படங்களுக்கும் உடை அமைத்துப் புகழ்பெற்றார்.

படநிறுவனங்கள் வளரவே, தையற்கூடங்களும் வளர்ந்தன. துணி வெட்டுவோர், உடுத்திப் பார்த்து அளவு திருத்துவோர், மணி கோப்போர் எனத் தொழில் பிரிந்தது. நட்சத்திரத்தின் உடலளவுக்கேற்பப் பஞ்சு திணித்த உருவொன்று அங்கே நிற்க, அதன்மேல் துணியைப் போர்த்திக் குண்டூசி குத்திக் குத்தியே அங்கியின் வடிவத்தைக் கண்டனர். சேற்றில் விழும் காட்சியெனில், ஒரே உடைக்கு அச்சுமாறாத பிரதிகளும் தைத்தாக வேண்டும்.

1927-இல் 'தி ஜாஸ் சிங்கர்' பேசும்படத்துக்கு வழி திறந்ததும், கண்ணுக்காகத் தைத்த கை காதுக்காகவும் தைக்க நேர்ந்தது. டாஃபெட்டா பட்டின் சரசரப்பும் கண்ணாடி மணிகளின் கலகலப்பும் ஒலிவாங்கியில் பேச்சை மூழ்கடித்தமையால், ஓசையற்ற துணிகளைத் தேடினர். ஏறத்தாழ அதே காலத்தில் சிவப்பையும் உணரும் படச்சுருள் பரவவே, அரும்பாடுபட்டுத் தேர்ந்த நிறக்கணக்கையும் புதிதாகப் பயில வேண்டியதாயிற்று.

ஆஸ்கார் விருதுகள் 1929-இல் தொடங்கின. உடையமைப்புக்கென விருது வழங்கியதோ 1949-இல்தான். அவ்விருதும் வடிவமைத்தவரையே சேர்ந்தது. ஊசி பிடித்தவள் திரையில் பெயரின்றியே மறைந்தாள். எனினும், பழைய படமொன்றில் கரிய அங்கியின் ஒவ்வொரு மடிப்பும் தனித்தனியே துலங்கக் காணும்போது, கருவியின் குறையைத் தன் கையால் நிரப்பிய அப்பெண்ணையே நாம் காண்கிறோம்.