கோல் எப்போது ஆயுதமாகிறது?

சிலம்பம் சுழற்றும் இளைஞர்களை முன்னால் விட்டு ஊர்வலம் போவது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. மரவாளும் அட்டைத் துப்பாக்கியும் ஏந்திப் பிள்ளைகள் வேடமிட்டு வருவதும் உண்டு. இதற்கெல்லாம் கட்டுப்பாடு எதற்கு, வெறும் கோல்தானே என்பார் ஒருவர். அடித்தால் மண்டை உடையாதா என்பார் இன்னொருவர். இருவரும் பொருளையே பார்க்கிறார்கள். அது எந்த இடத்தில், எத்தனை பேர் கையில், யார் வீட்டு வாசலைக் கடந்து போகிறது என்பதைத்தான் விதி பார்க்க வேண்டும்.

நம் சட்டங்களே இதைக் காட்டுகின்றன. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே உரிய லத்தி, கைத்தடி போன்றவற்றையும், விளையாட்டுப் பொருளாகவன்றி வேறெதற்கும் பயன்படாதவற்றையும் ஆயுதமாகக் கருதுவதில்லை. ஆனால் ஊர்வலங்களிலும் கூட்டுப் பயிற்சிகளிலும் ஆயுதம் ஏந்துவதைத் தடுக்க 2005-ல் நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தைத் திருத்தியபோது, லத்தியையும் தடியையும் ஆயுதப் பட்டியலில் சேர்த்தது. கோல் ஒன்றுதான்; கூட்டம் சேர்ந்ததும் அதன் பொருள் மாறிவிடுகிறது. அரசியலமைப்பின் 19-வது பிரிவு தரும் உரிமையும் அமைதியாக, ஆயுதமின்றிக் கூடுவதற்கே. ஆர்.எஸ்.எஸ். அணிவகுப்பு வழக்கில் 2022 செப்டம்பரில் அனுமதி வழங்கச் சொன்ன சென்னை உயர்நீதிமன்றம், காயம் விளைவிக்கக்கூடிய கம்பு, லத்தி, ஆயுதம் எதையும் கொண்டுவரக் கூடாது என்றும் நிபந்தனை விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பின் 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தமிழக அரசின் மனுக்களைத் தள்ளுபடி செய்ய, அணிவகுப்பு நடந்தது. நடந்து செல்லும் உரிமையைக் காத்துக்கொண்டே கையிலுள்ள கம்பைக் கட்டுப்படுத்த முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சிலம்பம் நம் மரபாயிற்றே, அதற்கும் தடையா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆசான் முன்னிலையில், பார்ப்பவர்களுக்கு எட்டாத களத்தில், எண்ணிக் கொடுத்துத் திரும்ப வாங்கப்படும் கோல் கலைக்கருவி. அந்த ஒழுங்கு எதுவுமின்றி, முழக்கத்தோடு நெருக்கமான தெருவில் நூறு பேர் உயர்த்திப் பிடிக்கும் கோல் அச்சுறுத்தல். தேசிய மாணவர் படையில் துப்பாக்கி இல்லையா என்றும் கேட்கலாம். 1948-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இயங்கும் அந்தப் படையில் ஆயுதத்துக்குக் கணக்கும் பொறுப்பான அதிகாரியும் உண்டு. சீக்கியர்கள் கிர்பான் அணிவதை அரசியலமைப்பின் 25-வது பிரிவின் விளக்கமே ஏற்கிறது. விலக்கு தேவையென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும் என்பதையே இவை சொல்கின்றன.

ஆகவே தமிழ்நாட்டில் எந்த இளைஞர் அமைப்பு விழா எடுத்தாலும், எந்தக் கொடி பிடித்தாலும் ஒரே விதி வேண்டும். கலை நிகழ்ச்சி களத்துக்குள் நடக்கட்டும். ஊர்வலத்தில் கை வெறுமையாக இருக்கட்டும். உண்மையான துப்பாக்கி என்று தூரத்திலிருந்து நம்பவைக்கும் போலி எங்குமே வேண்டாம். இந்த நிபந்தனைகளை அனுமதிக் கடிதத்திலேயே எழுதிக் கொடுத்துவிட்டால், ஓர் அமைப்புக்குச் சலுகை, இன்னொன்றுக்குத் தடை என்ற மனக்கசப்புக்கு இடமிருக்காது.