மாதிரி விமானத்திற்கு மலிவான வானலைக் கருவி: வாங்குமுன் அறிய வேண்டியவை

ரப்பருக்கும் பறக்கும் பொறிக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1871-ஆம் ஆண்டில், பாரிஸ் நகரின் துய்லரி பூங்காவில், அல்போன்ஸ் பெனோ என்னும் பிரெஞ்சு இளைஞர், முறுக்கிய ரப்பர் இழையின் விசையால் இயங்கும் சிறு விமானம் ஒன்றைப் பறக்கவிட்டார். அது 11 விநாடிகளில் ஏறக்குறைய 40 மீட்டர் தொலைவு பறந்தது. அவர் வகுத்த முறையில் அமைந்த ரப்பர் விசைப் பொம்மை ஒன்றை 1878-ஆம் ஆண்டில் தம் தந்தையிடமிருந்து பரிசாகப் பெற்ற சிறுவர் இருவரே, 1903-ஆம் ஆண்டில் மனிதன் ஏறிச் செல்லும் விமானத்தைப் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் ஆவர். ஆகவே, பால்மரங்களின் நடுவே வளரும் நம் பிள்ளைகள் வானத்தை அண்ணாந்து பார்ப்பதில் வியப்பொன்றுமில்லை.

இன்று மாதிரி விமானங்கள் வானலையால் இயக்கப்படுகின்றன. தரையில் நிற்பவர் கையிலுள்ள அலைபரப்பி ஆணையிடுகிறது. விமானத்தினுள் இருக்கும் அலைவாங்கி அதனை ஏற்றுச் சிறு மோட்டார்களை அசைக்கிறது. இக்கலை வெறும் பொழுதுபோக்கு அன்று. சென்னை குரோம்பேட்டையில் உள்ள எம்.ஐ.டி. தொழில்நுட்பக் கல்லூரி, டாக்டர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் வானூர்திப் பொறியியல் பயின்ற இடமாகும். அக்கல்லூரியின் 'தக்‌ஷா' மாணவர் குழு, 2018-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடைபெற்ற மருத்துவ உதவிக்கான ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பெற்றது. அக்குழுவிற்கு ஆலோசகராக விளங்கிய நடிகர் அஜித் குமார், மாதிரி விமானங்களைப் பறக்கவிடுவதில் நெடுநாள் ஈடுபாடு உடையவர். நம் நாட்டின் செம்பனைத் தோட்டங்களிலும் மருந்து தெளிப்பதற்கு ஆளில்லா விமானங்கள் பயன்படுகின்றன. இன்று திடலில் பழகும் இளைஞருக்கு நாளை அதுவே தொழிலாகவும் அமையலாம்.

ஆயினும் செலவை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2025-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் சில நூறு வெள்ளியை ஒரு கருவிக்குச் செலவிடும் பெற்றோர், தவறானதை வாங்கிவிட்டால் ஒரே நாளில் பணமும் போகும். பிள்ளையின் ஆர்வமும் போகும். கட்டுப்பாட்டை இழந்த விமானம் பிறர்மீது மோதினால் அத்தீங்கு அதனினும் பெரிது.

முதலில் ஓர் அடிப்படை உண்மையை மனத்தில் இருத்துக. கற்றுக்கொள்பவரின் விமானம் உடைந்தே தீரும். அலைபரப்பியோ கையிலேயே இருப்பதால், நன்கு பேணினால் பல விமானங்களுக்குப் பயன்படும். எனவே விமானத்தில் சிக்கனம் பிடிக்கலாம். அலைபரப்பியில் தரத்தை விட்டுக்கொடுத்தல் ஆகாது.

அலைவரிசை

முற்காலக் கருவிகள் 27, 35, 72 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்கின. ஒரே எண்ணுடைய படிகத்தை இருவர் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால், ஒருவர் ஆணை மற்றவர் விமானத்தைக் குழப்பி வீழ்த்திவிடும். இத்தகைய பழைய கருவிகள் மிக மலிவாகக் கிடைத்தாலும் அவற்றை வாங்காதிருப்பதே நலம். இன்றைய கருவிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், நொடிக்குப் பலமுறை தடம் மாறிக்கொண்டே இயங்குகின்றன. ஓர் அலைவாங்கி தன்னுடன் இணைத்துப் பதிவு செய்யப்பட்ட அலைபரப்பியின் ஆணையை மட்டுமே ஏற்கும். ஆதலால் ஒரே திடலில் பலர் அச்சமின்றிப் பறக்கவிடலாம்.

இதற்கும் ஒரு குறை உண்டு. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12 செண்டிமீட்டரே. நீர்ச்சத்து மிகுந்த இலைகளும் மரங்களும் இதனை எளிதில் தடுத்துவிடும். பால்மர நிரைக்கு அப்பாலோ செம்பனை மட்டைகளுக்குப் பின்னாலோ விமானம் சென்றால், கண்ணுக்கு மறைவதுடன் ஆணைக்கும் எட்டாமற் போகலாம். திறந்த திடலே தக்க இடம். அலைபரப்பியின் ஏரியல் முனையை விமானத்தை நோக்கி நேராக நீட்டுதல் கூடாது. முனைத் திசையில்தான் அலை மிகவும் வலுக்குன்றும்.

எத்தனை சேனல்?

ஒவ்வொரு தனி அசைவிற்கும் ஒரு சேனல் தேவை. மோட்டாரின் விசைக்கு ஒன்று, மூக்கை உயர்த்தித் தாழ்த்த ஒன்று, வாலை இடவலமாகத் திருப்ப ஒன்று, இறக்கைகளைச் சாய்க்க ஒன்று என நான்கு சேனல்கள் முழுமையான கட்டுப்பாட்டிற்கு வேண்டும். ஆறு சேனல் உடையதை வாங்கினால் பின்னாளிலும் உதவும். எடுத்துக்காட்டாக, தொடக்க நிலையினர் பலர் வாங்கும் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 என்பது ஆறு சேனல் கொண்டது, நான்கு ஏ.ஏ. மின்கலங்களில் இயங்குவது. இதற்குச் சற்றுப் புதிய வகையான ரேடியோமாஸ்டர் பாக்கெட் உருவில் சிறியது. இதற்கு 18650 வகை மின்கலம் இரண்டு தேவை. இவை எடுத்துக்காட்டுகளே, இவற்றையே வாங்க வேண்டும் என்பதன்று.

விலையை ஒப்பிடும்போது, அலைவாங்கியும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டறிக. பொதுவாக ஒரு நிறுவனத்தின் அலைவாங்கி மற்றொரு நிறுவனத்தின் அலைபரப்பியோடு ஒத்துழையாது. ஒரே நிறுவனத்திலும் பழைய முறை, புதிய முறை என வேறுபாடு உண்டு. அலைபரப்பியின் விலை குறைவாயிருந்து, ஒவ்வொரு விமானத்திற்கும் வாங்கவேண்டிய அலைவாங்கியின் விலை மிகுதியாயிருந்தால், அது மலிவு ஆகாது. மின்கலம், மின்னேற்றி ஆகியவற்றின் விலையையும் சேர்த்தே கணக்கிடுக.

எந்தக் கையில் விசை?

அலைபரப்பியில் இரண்டு பிடிகள் உள்ளன. மோட்டார் விசை இடப்பிடியில் அமைந்தால் அது 'மோட் 2'. வலப்பிடியில் அமைந்தால் அது 'மோட் 1'. இவற்றுள் உயர்வு தாழ்வு இல்லை. எனினும் ஒன்றில் பழகிய கை மற்றொன்றில் தடுமாறும். ஆகவே உமக்குக் கற்றுத்தர இசைந்தவர் எம்முறையைக் கையாள்கிறார் என்று கேட்டு, அம்முறையிலேயே வாங்குக.

பாதுகாப்பு அமைப்பு

அலைத் தொடர்பு அறுந்துவிட்டால் மோட்டார் தானாக நிற்கும்படி செய்யும் அமைப்புக்கு 'ஃபெயில்சேஃப்' என்று பெயர். இஃது இல்லாத கருவியை இலவசமாகத் தந்தாலும் ஏற்க வேண்டா. இதனைச் சோதிக்கும் முறை எளிது. முதலில் விமானத்தின் சுழல்விசிறியைக் கழற்றிவிடுக. மோட்டாரை ஓடவிட்டு, அலைபரப்பியை நிறுத்துக. மோட்டார் உடனே அடங்கினால் அமைப்பு சரியாக உள்ளது. அடங்காவிடில் விளக்கக் கையேட்டின்படி திருத்தியபின் மீண்டும் சோதிக்க வேண்டும். சோதனை தவிர்ந்த மற்ற வேளைகளில், அலைபரப்பியை முதலில் இயக்கி, இறுதியில் நிறுத்துவதே முறை. மின்கலம் வலுவிழக்கும்போது ஒலியெழுப்பி எச்சரிக்கும் வசதியும் இன்றியமையாதது. விமானத்தின் லித்தியம் மின்கலத்திற்கு மின்னேற்றும்போது அருகிலேயே இருத்தல் வேண்டும். உறங்கும் நேரத்தில் ஏற்றுதல் தீவிபத்திற்கு வழிவகுக்கும்.

கணினியில் பயிற்சி

அலைபரப்பியைக் கணினியுடன் இணைத்து, திரையில் விமானத்தை ஓட்டிப் பழகும் வசதி உள்ளதைத் தேர்ந்தெடுப்பது சிக்கனத்திற்குச் சிறந்த வழி. திரையில் நூறுமுறை விழுந்தாலும் ஒரு காசும் செலவாகாது. விமானம் தம்மை நோக்கி வரும்போது இடமும் வலமும் மாறித் தோன்றும். தொடக்கத்தில் பலர் தடுமாறுவது இவ்விடத்தில்தான். நான்கைந்து இளைஞர்கள் கூட்டாகப் பணம் போட்டு ஒரு கருவி வாங்கி, முறைவைத்துப் பழகுதலும் நன்று.

சட்டம் கூறுவது

மலேசியாவில் விற்கப்படும் வானலைக் கருவிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும். வாங்கும் கருவியில் மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் சான்று முத்திரை உண்டா எனப் பார்த்து வாங்குக. பறக்கவிடுவதற்கும் விதிகள் உள்ளன. 2016-ஆம் ஆண்டின் பொது வான்போக்குவரத்து விதிமுறைகளின்படி, அனுமதியின்றி 400 அடிக்கு மேல், அதாவது ஏறத்தாழ 120 மீட்டருக்கு மேல், பறக்கவிடலாகாது. விமான நிலைய வட்டாரத்திலும் கூடாது. விமானம் எப்போதும் கண்பார்வைக்குள் இருக்க வேண்டும். ஜொகூரில் செனாய் அனைத்துலக விமான நிலையமும், குளுவாங்கில் தரைப்படையின் வான்பிரிவுத் தளமும் இருப்பதை மறத்தலாகாது. எவ்விடத்தில், எந்த அனுமதியுடன் பறக்கவிடலாம் என்பதை மலேசியப் பொது வான்போக்குவரத்து ஆணையத்திடம் கேட்டறிந்த பின்னரே தொடங்குக. தோட்ட நிர்வாகத்தின் இசைவும் பெறுக. லயங்கள், மின்கம்பிகள், சாலை, விளையாடும் சிறுவர்கள் ஆகியவற்றிற்கு மேலாகப் பறக்கவிடுதல் அறவே கூடாது.

முடிவாக, கடைக்குச் செல்லுமுன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்க: 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல், கற்றுத்தருபவரின் பிடிமுறை, எளிதில் கிடைக்கும் அலைவாங்கி, ஃபெயில்சேஃப், கணினி இணைப்பு, சான்று முத்திரை. இவ்வேழும் பொருந்தியவற்றுள் விலை குறைந்தது எதுவோ அதுவே உண்மையில் மலிவான கருவி. இவற்றுள் ஒன்று குறைந்தாலும், கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி தந்தாலும், பணத்தை மடியில் முடிந்துகொண்டு வீடு திரும்புவதே அறிவுடைமை. அடுத்த மாதச் சம்பளத்தில் நல்லதை வாங்கலாம். திடலும் வானமும் எங்கும் போய்விடா.