உங்களுக்குத் தெரியுமா? செங்கல் அறுத்தவரின் எள்ளுப் பேத்திகள்

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாக அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட மோசஸ், எஜமானரிடம் செங்கல் அறுக்கப் பழகினார். அந்தக் கைத்தொழில் மகனுக்கு வந்தது. மகனிடமிருந்து பேரன் மூன்றாம் மோசஸ் மெக்கிஸாக்குக்கு. அவர் 1905-ல் நாஷ்வில்லில் சொந்தக் கட்டுமான நிறுவனமே தொடங்கிவிட்டார்!

பின்னர் அந்த நிறுவனத்துக்கு டஸ்கீகி ராணுவ விமானதளம் கட்டும் ஒப்பந்தம் கிடைத்தது: 57 லட்சம் டாலர். கறுப்பின நிறுவனம் ஒன்றுக்கு அமெரிக்க அரசு அதுவரை தந்தவற்றில் மிகப் பெரியது. கறுப்பின விமானிகள் பயிற்சி பெற்ற தளம் என்பது கூடுதல் பொருத்தம்.

1983-ல் மூன்றாம் மோசஸின் மகன் வில்லியம் பக்கவாதத்தில் விழ, ஆசிரியையாக இருந்த மனைவி லியாட்ரிஸ் நிறுவனப் பொறுப்பை ஏற்றார்.

இன்று அவர்களுடைய இரட்டை மகள்களில் ஷெரில் நியூயார்க்கில், டெரில் வாஷிங்டனில். ஒரே பெயர், தனித்தனி நிறுவனங்கள். டெரில் 1990-ல் போட்ட முதல் வெறும் 1,000 டாலர்!