மோதிரம் அவங்களுக்குத் தெரியக் கூடாது, கஸ்டம்ஸுக்குத் தெரியணும்! வெளிநாட்டில் புரபோஸ் பண்ணப் போறீங்களா?

மோதிரம் வாங்கியாச்சு. சிங்கப்பூருக்கோ பாலிக்கோ டிக்கெட்டும் போட்டாச்சு. மிச்சம் இருப்பது ஒரே ஒரு சிக்கல். கூடவே வரப்போகிறவருக்குத் தெரியாமல் அந்த மோதிரத்தை வீட்டிலிருந்து ஏர்போர்ட்டுக்கும், அங்கிருந்து ஹோட்டலுக்கும், கடைசியில் அந்தக் கடற்கரைக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கணும். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் வழியில் எக்ஸ்ரே மெஷின் இருக்கு, சி.ஐ.எஸ்.எஃப் இருக்கு, இரண்டு நாட்டுச் சுங்கத்துறை இருக்கு.

நகையை மறைத்து எடுத்துக்கொண்டு கடல் தாண்டும் வேலை நம்ம கரைக்குப் புதுசு இல்லை. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ தூரத்தில் இருக்கும் பழவேற்காட்டை இன்று நண்டு, இறால், பூநாரை என்றுதான் நமக்குத் தெரியும். 1500-களில் அது ரத்தினக் கற்கள் வந்து இறங்கிய துறைமுகம். பர்மாவின் பெகுவிலிருந்து மாணிக்கம் வந்தது. 1610-ல் டச்சுக்காரர்கள் வந்தார்கள், கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுதான். துணியோடு சேர்த்து கோல்கொண்டா வைரமும் கைமாறியது. கம்பெனி ஊழியர்கள் சொந்த வியாபாரம் செய்யக் கூடாது என்று விதி இருந்தது. விதி இருந்தால் மீறுவதும் இருக்கும்தானே? மூட்டை மூட்டையாகத் துணியை மறைக்க முடியாது. வைரத்தை மறைக்கலாம்.

இதில் ரொம்பப் பிரபலமான கதை பழவேற்காட்டுக்குத் தெற்கே, சென்னை ஜார்ஜ் கோட்டையில் நடந்தது. 1698 முதல் 1709 வரை அங்கே ஆங்கிலேய கவர்னராக இருந்தவர் தாமஸ் பிட். ஜம்சந்த் என்ற வியாபாரியிடம் 410 காரட் வைரக்கல் ஒன்றை 48,000 வராகனுக்கு வாங்கினார். 1702-ல் அதைத் தன் மகன் ராபர்ட் கையில் கொடுத்து கப்பலில் இங்கிலாந்துக்கு அனுப்பினார். ராபர்ட் அதைத் தன் ஷூவின் குதிகாலுக்குள் மறைத்து எடுத்துப் போனதாகச் சொல்வார்கள். 1717-ல் அந்தக் கல் பிரான்ஸின் ஆட்சிப் பொறுப்பாளரான ஆர்லியன்ஸ் பிரபுவிடம் விற்கப்பட்டது. அதனால்தான் அதற்கு 'ரீஜென்ட்' என்று பெயர். இப்போது பாரிஸின் லூவ்ர் மியூசியத்தில் இருக்கிறது. 2025 அக்டோபரில் அதே மியூசியத்தில் அதே கூடத்தில் புகுந்த திருடர்கள் ராஜ நகைகளைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அப்போதும் இந்தக் கல் தப்பித்துவிட்டது.

ராபர்ட் பயந்தது திருடர்களுக்கு. நீங்கள் பயப்படுவது காதலிக்கு. அல்லது காதலனுக்கு. ஆனால் ஷூவின் குதிகாலைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு உங்கள் காதல் கதை தெரியாது. அவருக்கு அது மறைத்து எடுத்துச் செல்லப்படும் நகை. இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

*மறைக்க எது நல்ல இடம்?*

முதலில் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடுங்கள். வெல்வெட் பெட்டியின் வடிவத்தைப் பார்த்தாலே குழந்தைக்கும் உள்ளே என்னவென்று தெரியும். ஜீன்ஸ் பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு நிற்கும். காலிப் பெட்டி செக்-இன் பையில் துணிக்கு நடுவே வரட்டும்.

மோதிரத்துக்கு என் ஓட்டு சுருக்குப் பைக்குத்தான். பழவேற்காட்டில் மீன் விற்கும் அம்மாக்கள் இடுப்பில் செருகி வைத்திருப்பார்களே, அதே ஐடியா. சின்னத் துணிப்பை, கயிற்றை இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். சத்தம் போடாது, புடைக்காது, கல்லிலும் கீறல் விழாது. அதை ஷேவிங் கிட்டிலோ, மாத்திரை டப்பாவிலோ, சார்ஜர் வைக்கும் பவுச்சிலோ போட்டு ஜிப்பை இழுத்துவிடுங்கள். ஒரே ஒரு கண்டிஷன்: அவர் கேட்டு வாங்கும் பொருள் எதுவும் அந்தப் பையில் இருக்கக் கூடாது. "உன் சார்ஜரைக் கொஞ்சம் குடேன்" என்ற ஒரு வார்த்தையில் மூன்று மாசத் திட்டம் காலி.

இரண்டு இடங்களில் மட்டும் வைக்கவே கூடாது. ஒன்று, செக்-இன் லக்கேஜ். பெரும்பாலான விமான நிறுவனங்கள் நகை, பணம் மாதிரி விலை உயர்ந்த பொருட்களை அதில் வைக்க வேண்டாம் என்று தங்கள் நிபந்தனைகளிலேயே எழுதி வைத்திருக்கின்றன. பை தொலைந்தால் மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின்படி கிடைக்கும் இழப்பீட்டுக்கும் உச்சவரம்பு உண்டு. 2024 டிசம்பர் 28 முதல் அது ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர், அதாவது ஏறக்குறைய 2,000 அமெரிக்க டாலர். அதுவும் பைக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் சேர்த்து.

இரண்டாவது இடம், அவருடைய பை. "அவ பையிலேயே வச்சிட்டா அவளுக்கே சந்தேகம் வராது" என்று யோசிப்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். 'இந்தப் பையில் இருக்கும் எல்லாம் உங்களுடையதா?' என்று செக்யூரிட்டியில் கேட்டால், அவர் மனசாரப் பொய் சொல்லும்படி ஆகிவிடும். எடுத்துப் பார்த்து மோதிரம் வெளியே வந்தால், விளக்கம் சொல்லும் நிலையில் நிற்பது அவர்.

*செக்யூரிட்டியில் மாட்டினால்?*

ஒரு மோதிரத்துக்காக பையைத் திறக்கச் சொல்வது அபூர்வம். ஆனால் ஸ்கேனரில் ஒன்றின் மேல் ஒன்றாக வயர், பவர் பேங்க், சில்லறை எல்லாம் குவிந்திருந்தால் திறப்பார்கள். அதனால் மோதிரம் இருக்கும் பையை லேசாக வைத்திருங்கள். பாக்கெட்டில் வைத்துக்கொண்டு நடப்பதும் சரிவராது. நம்ம ஊரில் பர்ஸ் உட்பட எல்லாவற்றையும் ட்ரேயில் கொட்டச் சொல்வார்கள், அவர் பக்கத்திலேயே நிற்பார்.

இங்கே இந்திய விமான நிலையங்களில் ஒரு வசதி இருக்கு. பெண்களைச் சோதிக்கத் திரை போட்ட தனி இடம் உண்டு. ஆண்-பெண் ஜோடி என்றால் எப்படியும் ஓரிரு நிமிடம் பிரிவீர்கள். அவரை முன்னால் அனுப்பிவிட்டு நீங்கள் நாலு பேர் தள்ளி நில்லுங்கள். பையைத் திறக்கச் சொன்னால் பதற வேண்டாம். அதிகாரியிடம் மெதுவாக, "சார், உள்ளே மோதிரம் இருக்கு, அவங்களுக்குத் தெரியாது, தனியா செக் பண்ண முடியுமா" என்று கேளுங்கள். தனி இடத்தில் சோதிக்கச் சொல்லிக் கேட்கலாம், தப்பில்லை. வாயால் சொல்ல முடியாத நிலைமையாக இருக்கும் என்று தோன்றினால், ஒரு சின்னத் துண்டுச்சீட்டில் இதையே எழுதி மோதிரத்தோடு வைத்துவிடுங்கள்.

*எல்லோரும் மறக்கும் பேப்பர்*

இந்தியாவிலிருந்து நகை எடுத்துப் போவதில் பிரச்னை இல்லை. சொந்த உபயோகத்துக்கான நகைக்கு உச்சவரம்பு கிடையாது. சிக்கல் திரும்பி வரும்போதுதான். போகும்போது உங்கள் பையில் இருந்த மோதிரம், வரும்போது அவர் விரலில் பளபளவென்று இருக்கும். புத்தம் புதுசு. "அங்கே வாங்கினதா?" என்று சுங்க அதிகாரி கேட்டால் என்ன காட்டுவீர்கள்?

இதற்காகத்தான் ஏற்றுமதிச் சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. புறப்படும்போது விமான நிலையத்தில் உள்ள சுங்க அதிகாரியிடம் மோதிரத்தையும் பில்லையும் காட்டினால், எடை, விவரத்தோடு எழுதிக் கொடுப்பார்கள். திரும்பும்போது அதைக் காட்டினால் அது இங்கிருந்து போன நகை என்பது உறுதி, வரி கிடையாது. அதற்கு நேரம் பிடிக்கும், அவருக்குத் தெரியாமல் நழுவவும் வேண்டும். என்னைக் கேட்டால், இருவரும் தனித்தனியாக ஏர்போர்ட்டுக்கு வருவதாகப் பிளான் போட்டு, நீங்கள் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்விடுவதுதான் ஒரே வழி. "ஆபீஸ்லேர்ந்து நேரா வந்துடறேன்" போதும்.

பில்லில் இன்னொன்றைப் பாருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் தங்க நகையில் 6 இலக்க ஹெச்யூஐடி குறியீடு கட்டாயம். எழுத்தும் எண்ணும் கலந்த அந்தக் குறியீடு பில்லிலும் இருந்தால், 'இந்த மோதிரம்தான் அந்த மோதிரம்' என்று நிரூபிக்க லேசு. வைரம் என்றால் அதன் தரச் சான்றிதழின் போட்டோவும் இருக்கட்டும்.

'அங்கேயே வாங்கிக்கலாமே, இவ்வளவு டென்ஷன் எதுக்கு?' என்றால், ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். ஆணுக்கு 20 கிராம், பெண்ணுக்கு 40 கிராம் நகை வரியில்லாமல் கொண்டுவரலாம் என்று யூடியூபில் சொல்வது, ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் வசித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு. ஒரு வாரம் டூர் போய் வருகிற நீங்கள் அந்தக் கணக்கில் வரமாட்டீர்கள். அறிவிக்காமல் மறைத்துக் கொண்டுவந்து பிடிபட்டால், 1962-ம் ஆண்டு சுங்கச் சட்டத்தின்படி நகையைப் பறிமுதல் செய்யலாம், அபராதமும் போடலாம். "சர்ப்ரைஸ் சார்" என்ற விளக்கம் அங்கே எடுபடாது.

*அவர் அங்கே வேலை பார்க்கிறார் என்றால்?*

பழவேற்காடு கோட்டைக்குப்பத்திலோ கூனங்குப்பத்திலோ இருக்கும் ஒரு பையன், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கேட்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். இங்கே மோதிரம் திரும்பி வராது, அங்கேயே தங்கிவிடும். அப்போது அது அந்த நாட்டுக்கு இறக்குமதியாகும் பரிசுப் பொருள். 48 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துவிட்டு சிங்கப்பூருக்குள் வருகிற பயணிக்கு 500 சிங்கப்பூர் டாலர் மதிப்பு வரை ஜி.எஸ்.டி சலுகை. அதைத் தாண்டினால் மிச்சத்துக்கு 9 சதவீதம். இன்றைய தங்க விலையில் அரைப் பவுன் மோதிரமே தாண்டிவிடும். நல்ல செய்தி, அந்த நாட்டுச் சுங்கத்துறையின் இணையதளத்தில் 3 நாள் முன்பிருந்தே போனிலேயே அறிவித்துப் பணம் கட்டிவிடலாம். வரவேற்க வந்து வெளியே நிற்கிறவருக்கு எதுவும் தெரியாது. பிரிட்டன் என்றால் எல்லை 390 பவுண்டு. ஒரே பொருள் அதைத் தாண்டினால் முழு மதிப்புக்கும் வரி.

இந்தப் பையனின் விஷயத்தில் இன்னொரு கனமும் உண்டு. மீனவர் வீடுகளில் நகை என்பது சேமிப்பு. வலைக்கும் இன்ஜினுக்கும் பணம் வேண்டும் என்றாலும், மீன் படாத மாசத்திலும் அடகுக் கடைக்குப் போவது அதுதான். அரைப் பவுன் தொலைந்தால் 'போனா போகுது' என்று சொல்லும் வீடு இல்லை. அதனால் வீட்டில் ஒரே ஒருத்தரிடம், அக்காவோ அம்மாவோ, விஷயத்தைச் சொல்லி பில்லின் நகலைக் கொடுத்து வைப்பது நல்லது. ஒருத்தரிடம் மட்டும்! இரண்டாவது ஆளுக்குச் சொன்னால் ஏரிக்கு அந்தப் பக்கம் ஆந்திரா வரை போய்விடும்.

*காட்டிக் கொடுப்பது போன்தான்*

பெரும்பாலும் மோதிரம் மாட்டாது, போன் மாட்டும். நகைக் கடையின் பெயரோடு வரும் வங்கி எஸ்.எம்.எஸ், 'உங்கள் ஆர்டர் ரெடி' என்ற வாட்ஸ்அப், நீங்கள் எடுத்த மோதிரப் போட்டோ இருவரும் சேர்ந்து பார்க்கும் ஆல்பத்தில் தானாக ஏறுவது, ஒரு தடவை மோதிரம் தேடினதற்கே ஒரு மாசம் துரத்தும் விளம்பரம். நோட்டிஃபிகேஷன் முன்னோட்டத்தை அணைத்து வையுங்கள். சான்றிதழ், பில் போட்டோக்களை உங்களுக்கே மெயில் அனுப்பிவிட்டு கேலரியில் அழித்துவிடுங்கள்.

படகில் வைத்துக் கேட்கிற பிளான் என்றால், மோதிரத்தில் ஒரு நூலைக் கட்டி மறுமுனையை உங்கள் விரலில் சுற்றிக்கொள்ளுங்கள். கை நடுங்கும். பழவேற்காடு ஏரி பெரும்பாலும் ஆழம் குறைவு, அங்கேயே சேற்றில் விழுந்த மோதிரத்தைத் தேடுவது கஷ்டம். கடலில் கேட்கவே வேண்டாம்.

எல்லாம் நல்லபடியாக முடிந்து, அவரும் சரி சொல்லிவிட்டார். சென்னையில் இறங்குகிறீர்கள். "இதை எங்கே வாங்கினீங்க, என்ன விலை?" என்று அதிகாரி கேட்டால் அவர் "தெரியாது சார்" என்றுதான் சொல்வார், நிஜமாகவே தெரியாது. அதனால் விமானம் ஏறும் முன்பே பில்லையும் ஏற்றுமதிச் சான்றிதழையும் காட்டிவிடுங்கள். சான்றிதழ் உங்கள் பெயரில் இருக்கும், எனவே சேர்ந்தே வெளியே வாருங்கள். விலையைப் பார்த்துவிட்டு "இவ்வளவு எதுக்கு?" என்று திட்டினால் வாங்கிக்கொள்ளலாம்.